வெள்ளைப் பொடியைக் கண்டதும் சமையல் சோடாவைத் தேடாதீர்கள்

"இலையெல்லாம் மாவு தூவின மாதிரி இருக்கு, என்ன தெளிக்கலாம்?" தோட்டச் செடிகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். மேல்பக்கம் வெள்ளைப் பொடி படர்ந்து, விரலால் தேய்த்தால் கையோடு வந்தால் அது சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்கு நடுவில் கட்டம் கட்டமாக மஞ்சள், அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் என்றால் அது அடிச்சாம்பல் நோய். பெயர்தான் ஒன்று போல இருக்கிறது. பின்னது உண்மையில் பூஞ்சையே கிடையாது, பாசி வகைகளுக்குத் தூரத்து உறவு. இலை ஈரமாகவே கிடந்தால்தான் பரவும். அதற்குப் பால், சமையல் சோடா போன்ற வீட்டு வைத்தியத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

தேய்த்தும் வெள்ளை போகவில்லையா? சில பூசணி வகைகளுக்கு இலையிலேயே நரம்பை ஒட்டி வெள்ளித் திட்டுகள் உண்டு. அதை நோய் என்று நினைத்து ஒரு மாதம் விடாமல் மருந்தடித்த ஒருவரை எனக்குத் தெரியும், பாவம்.

சரி, சாம்பல் நோய்தான் என்று உறுதியாகிவிட்டது. இந்தப் பூஞ்சை பெரும்பாலும் இலையின் மேலேயே படர்ந்துகொண்டு, உறிஞ்சும் உறுப்பை மட்டும் மேல்தோலுக்குள் இறக்கி வாழ்கிறது. அதனால்தான் மேலே தெளிக்கும் வீட்டுப் பொருளுக்கும் இதனிடம் கொஞ்சம் மதிப்பு. ஆனால் சூழல் ஒத்துவந்தால் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வித்துகளைக் காற்றில் விட்டுவிடும், எனவே முதல் நாலைந்து புள்ளிகள் தெரியும்போதே இறங்க வேண்டும். செடி முழுக்க வெளுத்த பிறகு என்னிடம் வந்தால் நான் கத்தரிக்கோலைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பால் என்றால் முன்பு நானும் சிரித்தவன்தான். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் பசுமைக்குடிலில் வளர்ந்த சுக்கினி என்ற பூசணி வகைச் செடிகளில் சோதித்து 1999-இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்த பிறகு சிரிப்பதை நிறுத்தினேன்: 10 சதவீதமும் அதற்கு மேலும் பால் கலந்த கரைசல், அவர் ஒப்பிட்ட பூஞ்சைக்கொல்லிகளுக்கு இணையாகவோ மேலாகவோ நோயைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை, வெயில் படும்படி காலையில். கெட்டியாக அடித்தால் நாற்றமும் கருப்புப் பூசணமும்தான் மிச்சம்.

சமையல் சோடா லிட்டருக்கு 5 கிராம், அதாவது தலைதட்டி ஒரு தேக்கரண்டி, இலையில் ஒட்ட சில துளி சோப்புக் கரைசல். இங்கேதான் கை தவறும். தொழிலுக்கு வந்த புதிதில், தூக்கலாகப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று மூன்று கரண்டி போட்டு ரோஜாவுக்கு அடித்தேன், இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. கருகல் கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணில், முக்கியமாகத் தொட்டி மண்ணில், சோடாவிலிருந்து சேரும் சோடியம் தெரிவதில்லை. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உள்ள பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் அதுவே மேல்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயில் முதலில் சோப்பைக் குழைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேருங்கள், இல்லையென்றால் எண்ணெய் தனியாக மிதக்கும். மாலையில்தான் அடிக்க வேண்டும், 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் வேண்டாம், கந்தகப் பூஞ்சைக்கொல்லி அடித்து இரண்டு வாரம் ஆகாத செடிக்கும் வேண்டாம். மூன்றையும் ஒரே வாளியில் கலக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். எதை அடிப்பதானாலும் முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் காத்திருங்கள்.

இதெல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் செடிகள் நெருக்கமாக நிழலில் நிற்கின்றன, அல்லது தழைச்சத்தைக் கொட்டி இளந்தழையாக வளர்த்துவிட்டீர்கள். அறுவடை முடியப்போகும் கொடியில் அடி இலைகள் மட்டும் வெளுத்திருந்தால் நான் ஒன்றுமே செய்வதில்லை. தெளித்த பிறகு பழைய இலை பச்சையாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஆகாது. அடுத்த பத்து நாளில் வரும் துளிர் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.