நீர்மட்டம் இறங்கினால் இறவைச் செலவு ஏன் தாவி ஏறுகிறது?

மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கப்படாத ஆண்டுகளிலும் காவிரி டெல்டாவில் குறுவை எனும் குறுகிய கால நெல் சாகுபடி முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பம்புசெட் உள்ளவர்கள் நிலத்தடி நீரை நம்பி நாற்று விடுகிறார்கள். இப்படி நீரை இறைத்துப் பாய்ச்சும் இறவைச் செலவு சீராக ஏறுவதில்லை, ஏதோ ஒரு கோடையில் சட்டெனத் தாவுகிறது. அதற்கு விலைவாசி மட்டும் காரணமன்று.

தரைமேல் நிற்கும், மோட்டாரும் பம்பும் ஒன்றாய் இணைந்த மோனோபிளாக் மோட்டார் தண்ணீரை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியிலுள்ள வளிமண்டலமே நீரை உள்ளே தள்ளி ஏற்றுகிறது. வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் சுமார் 10.3 மீட்டர், உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டரோடு சரி. நீர்மட்டம் அந்த எல்லையைத் தாண்டி இறங்கிவிட்டால், எத்தனை குதிரைத்திறன் மோட்டாரைப் பூட்டினாலும் தண்ணீர் ஏறாது. குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்குவது சில காலம் கைகொடுக்கும்; அதன்பின் புதிய ஆழ்துளைக் கிணறு, துளை சரியாமல் காக்கும் கேசிங் குழாய், நீர்மூழ்கி மோட்டார் எனக் கடன் வாங்கும் அளவுக்குச் செலவு வந்து நிற்கிறது. ஆழம் இரட்டித்தால் அதே நீரை ஏற்றத் தேவைப்படும் ஆற்றலும் இரட்டிக்கும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அந்த உயர்வு உழவர் கண்ணில் படுவதில்லை. முன்னெச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய கணக்கு அரசின் மானியத்துக்குள் மறைந்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் ஆழப்படுத்துவதும் வழியன்று. நன்னீர் கடல்நீரைவிட லேசானது. ஆகவே கரையோர மண்ணில் அது உப்புநீரின்மேல் மிதக்கிறது. இரண்டின் அடர்த்தி வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அந்த 1 மீட்டரை இறைத்துத் தீர்த்தால், உடனே இல்லாவிட்டாலும் காலப்போக்கில், உப்பு எல்லை 40 மீட்டர் மேலேறிவிடும். நெற்பயிரோ நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்காது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது இறைக்கும் நேரத்தைக் குறைக்கும். துளையிட்ட பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனபின் மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். ஆயினும் இதனால் மிச்சமாகும் நீரில் பெரும்பங்கு, எப்படியும் கசிந்து நிலத்தடிக்கே திரும்பியிருக்கக்கூடியது. எனவே மோட்டார் ஓடும் நேரம் குறையும் அளவுக்கு நிலத்தடி இருப்பு கூடிவிடாது. அது நிரம்புவதற்கு வடகிழக்குப் பருவமழையும், கல்லணைக்குக் கீழே ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் போதிய நாள் தண்ணீர் ஓடுவதும் தேவை.