தீக்காக்கையைத் தேடி வருபவர்களுக்கு

ஆனைமலைக் காடுகளில் பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். வருபவர்களில் பலர் முதலில் கேட்பது தீக்காக்கையைத்தான். பெயரில் காக்கை இருந்தாலும் இது காக்கையல்ல, ட்ரோகன் என்னும் வேறொரு குடும்பத்துப் பறவை. இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லை.

ஆணின் தலையும் மார்பும் கரிநிறம். அதற்குக் கீழே மெல்லிய வெள்ளைப் பட்டை. பட்டைக்குக் கீழே வயிறு முழுவதும் குங்குமச் சிவப்பு. பெண்ணுக்கு அந்தப் பட்டை கிடையாது, வயிறும் ஆரஞ்சு கலந்த பழுப்பு. இரண்டுக்குமே கண்ணைச் சுற்றி நீலத் தோல் தெரியும். நீண்ட வாலின் நுனி வெட்டிவிட்டதுபோல் இருக்கும்.

இவ்வளவு நிறம் இருந்தும் கண்ணில் படாததற்குக் காரணம் அதன் முதுகு. ஆள் அரவம் கேட்டால் பழுப்பு முதுகை நம் பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் அமர்ந்துவிடும். அதனால் மர உச்சிகளை அண்ணாந்து பார்ப்பதில் பயனில்லை. நடுமட்டத்தில், நிழலில் நீண்டிருக்கும் கிளைகளையும் மூங்கிலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கரகரத்த குரலில் 'க்யூ, க்யூ' என்று கேட்டால் நடப்பதை நிறுத்திவிடுங்கள். துடுப்புவால் கரிச்சானும் பிற சிறு பறவைகளும் கூட்டமாக இரைதேடி வந்தால் இன்னும் நல்லது. தீக்காக்கையும் அவற்றோடு சேர்ந்து வருவதுண்டு. பூச்சியைப் பிடிக்கக் கிளையிலிருந்து பாயும் அந்த ஒரு நொடியில் சிவப்பு தெரிந்துவிடும்.

கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒருபோதும் செய்வதில்லை. பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை அது கூடு கட்டும் காலம். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டதாக எண்ணி, இரைதேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அது அலைக்கழியும். ஒரு படத்துக்காக இதைச் செய்வது கொடுமை.

தீக்காக்கை கூட்டுக்காக மரத்தைக் குடையும், ஆனால் அதற்கு மரங்கொத்தியின் அலகு இல்லை. உளுத்துப்போன மரத்தையோ அடிக்கட்டையையோ மட்டுமே ஆணும் பெண்ணும் சேர்ந்து குடைய முடியும். அந்தக் குழியில் பெரும்பாலும் இரண்டு முட்டைகள். காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பட்ட மரத்தை விறகுக்கு வெட்டுவது வழக்கம். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்தில் நிற்பதையாவது தானாக விழும்வரை விட்டுவையுங்கள்.