ஐந்து வயதோடு ஊசிக் கொப்பியை மூடி வைத்துவிடாதீர்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளம் தாய் இரண்டரை வயது மகனோடு வந்திருந்தார். பிள்ளைக்கு இலேசான சளி. பார்த்து முடித்ததும், "ஊசிக் கொப்பி கொண்டுவந்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். பொலித்தீன் பையிலிருந்து நீல நிறப் பதிவேட்டைத் தயங்கித் தயங்கி எடுத்தார். பன்னிரண்டாம் மாத மூளைக்காய்ச்சல் ஊசி வரை திகதிகள் ஒழுங்காக இருந்தன. பதினெட்டாம் மாதக் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வீடு மாறியபோது தவறிவிட்டதாம். "இனி முதலிலிருந்து எல்லாம் போடவேண்டுமே டொக்டர், பிள்ளை தாங்குவானா?" என்றார். இந்தப் பயத்திலேயே ஒரு வருடமாக அவர் கிளினிக் பக்கம் போகவில்லை.

முதலிலிருந்து தொடங்கவே வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; ஏற்றிய ஊசி வீண்போவதில்லை. அவனுக்குத் தொண்டைக்கரப்பன், கக்குவான், ஏற்புவலி மூன்றையும் தடுக்கும் முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டு மருந்தும்தான் பாக்கி. இலேசான சளிக்காக அதைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. தாமதம்தான் ஆபத்து. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது; 2023இல் அந்த நோய் திரும்பி வந்தது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்க ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் ஏற்றும் எம்.எம்.ஆர். ஊசிகள் இரண்டும் முக்கியம். மூன்று வயதுக்குரியதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஐந்து வயது ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று கொப்பியை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. தரம் 6இல் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி உண்டு. 2017 முதல் இலவசமாகவே ஏற்றப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை, "சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்டு மறுக்கும் பெற்றோரைக் காணும்போது மனம் வலிக்கிறது. கிருமி உடலுக்குள் வருமுன் ஏற்றினால்தான் முழுப் பயன். அதனால்தான் அந்த வயது. தரம் 7இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் நோய்களுக்கான ஊசி. இது ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு.

திருமணத்துக்கு நாள் குறித்த பெண்கள் ருபெல்லா ஊசி ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா தொற்றினால் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கர்ப்பமானபின் இந்த ஊசியை ஏற்ற முடியாது; ஏற்றியபின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடவேண்டும்.

கொப்பி தொலைந்திருந்தால் ஊசி ஏற்றிய கிளினிக்கிலேயே கேளுங்கள். அங்குள்ள பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடமும் விசாரியுங்கள்.