எவரெஸ்ட் அடிவாரப் பயணம்: இதயப் பரிசோதனைக்கு முன்பே பார்க்க வேண்டிய பயண அட்டவணை

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்து வர விரும்பி மருத்துவ ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இசிஜி, எக்கோ, டிரெட்மில் அறிக்கைகளுடன்தான் வருகிறார்கள். அவற்றையும் நான் பார்க்கிறேன். ஆனால் முதலில் கேட்பது அவர்களுடைய பயண அட்டவணையை. எந்த இரவை எந்த உயரத்தில் கழிக்கப் போகிறார்கள் என்ற ஒரே தகவல், அந்த அறிக்கைகள் அனைத்தும் சேர்ந்து சொல்வதைவிட அதிகம் சொல்லிவிடும்.

கடற்கரையிலும் எவரெஸ்டின் அடிவாரத்திலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஒன்றுதான், ஏறத்தாழ 21 சதவீதம். மேலே செல்லச் செல்லக் குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையதே. ஆனால் அந்தப் பழக்கம் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் உருவாவது. அந்த நாள்களைக் கொடுக்காமல் ஏறுபவர்களுக்கே உயர்மலை நோய் வருகிறது.

உடல்வலிமை இதிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. 1962 போரை ஒட்டி இமயமலை எல்லைக்கு விரைவாகக் கொண்டு செல்லப்பட்ட இந்தியப் படைவீரர்களிடையே இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. அவர்களில் 1,925 பேரைப் பற்றி நம் இராணுவ மருத்துவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களில் எடுத்தாளப்படுகிறது. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட, பயிற்சி பெற்ற இளைஞர்கள். நான் பார்த்தவர்களிலும் மாரத்தான் ஓடும் இளைஞர்களே கூடுதலாகச் சிக்கலுக்கு உள்ளாகிறார்கள். கால்களில் வலு இருப்பதால் வேகமாக ஏறிவிடுகிறார்கள், தலைவலி வந்தாலும் குழுவினரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

அட்டவணையை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் உயரமான இடத்துக்கு நடந்து போய்விட்டு இரவு கீழே வந்து உறங்குவதில் தவறில்லை, அது நன்மையே. லுக்லா விமானத்தளம் 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதல் இரவுக்குச் சற்றே கீழிறங்கி ஃபாக்டிங் சென்று, மறுநாள் 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரை அடைந்து அங்கே இரண்டு இரவுகள் தங்குவது வழக்கம். அடுத்து தெங்போச்சே 3,860 மீட்டர், திங்போச்சே 4,410 மீட்டர், லொபுச்சே 4,940 மீட்டர், கோரக்‌ஷெப் 5,164 மீட்டர், கடைசியாக 5,364 மீட்டரில் பேஸ் கேம்ப். திங்போச்சேயில் இரண்டாவது இரவு தங்குவதை விட்டுவிட்டு ஒரு நாளை மிச்சப்படுத்தும் அட்டவணைகளைப் பார்த்தாலே எனக்குக் கவலை வந்துவிடும். அங்கே மிச்சமாகும் ஒரு நாளுக்கான விலையை லொபுச்சேயில் நள்ளிரவில் கொடுக்க நேரிடலாம். அலுவலக விடுப்பு போதவில்லை என்றால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டெல்லியிலிருந்து விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் இறங்கி, மறுநாளே கர்துங் லா கணவாய்க்குக் காரில் புறப்படும் குடும்பங்களுக்கும் இதே கணக்குத்தான்.

புதிய உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, உயர்மலை நோய் என்றே கொள்ள வேண்டும். அதோடு குமட்டலோ, பசியின்மையோ, தலைசுற்றலோ, அசாதாரணக் களைப்போ சேர்ந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. பெரும்பாலும் ஓரிரு நாள் ஓய்வில் சரியாகிவிடும். சரியாகாமல் கூடினால் கீழே இறங்க வேண்டும்.

உயிரைப் பறிப்பவை வேறு இரண்டு நிலைகள். ஒன்று, மூளை வீக்கம். இதைக் கண்டறிய ஸ்கேன் தேவையில்லை. லாட்ஜின் முற்றத்தில் தரையில் ஒரு நேர்கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, நடத்தையில் குழப்பம் தெரிந்தாலோ கீழே இறங்க விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மற்றொன்று, நுரையீரலில் நீர்கோத்தல். நேற்றுவரை முன்னால் நடந்தவர் இன்று கடைசியில் தள்ளாடி வருவதும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், வறட்டு இருமல் விடாமல் தொடர்வதும் இதன் தொடக்கம். இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் முதன்மையான மருத்துவம் கீழே இறங்குவதுதான். ஆக்ஸிஜனும், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபைன் ஆகிய மருந்துகளும் இறங்குவதற்குத் துணைசெய்பவை, அதற்கு மாற்று அல்ல.

இப்போது எல்லோர் பையிலும், இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. குளிரில் விறைத்த விரலில் அது காட்டும் எண் தவறாக இருக்கக்கூடும் என்பதோடு, நல்ல எண்ணைக் காட்டியபடியே ஒருவர் மோசமான நிலைக்குச் செல்லவும் முடியும். கருவியைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு சீராகும் என்று கயிலை யாத்திரை செல்பவர்கள் பொட்டலமாகக் கொண்டு போகிறார்கள். மூக்கில் குளிர்ச்சி ஏற்படுவதால் காற்று அதிகம் வருவதுபோலத் தோன்றுமே தவிர, இரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடாது. யாத்திரைப் பாதையில் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது என்பதை நினைத்தால் இந்த நம்பிக்கையை இலேசாக விட்டுவிட முடியவில்லை. அசிட்டசோலமைடு என்ற மாத்திரைக்கு உண்மையான பயன் உண்டு. அது சிறுநீரகத்தின் வழியே பைகார்பனேட்டை வெளியேற்றி, மூச்சைச் சற்று ஆழமாகவும் வேகமாகவும் ஆக்கி, உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காகப் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் இருக்கும். இது நோயை மறைத்துவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அவசரமான அட்டவணைக்கு இது பரிகாரமும் ஆகாது.

பயணக் காப்பீட்டில் உயர வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல திட்டங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. தேவையற்ற ஹெலிகாப்டர் மீட்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பெறப்பட்ட மோசடியை நேபாள அரசு 2018இல் விசாரித்தது. அதற்காக உண்மையான அவசரத்தில் ஹெலிகாப்டரை அழைக்கத் தயங்க வேண்டாம். வழியில் பெரிச்சே கிராமத்தில், 1973 முதல் மலையேறுபவர்களின் பருவகாலங்களில் இயங்கும் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கு மருத்துவர்கள் பிற்பகலில் நடத்தும் உயர்மலை நோய் விளக்க உரையைக் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

உங்கள் சுமையைத் தூக்கி வருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ட்டர்கள் எல்லோரும் ஷெர்பாக்கள் அல்ல. தலைமுறைகளாக உயரத்தில் வாழ்ந்து உடல் தகவமைந்த ஷெர்பாக்களைப் போலன்றி, போர்ட்டர்களில் பலர் தாழ்வான மலைப்பகுதிகளிலிருந்து கூலிக்கு வருபவர்கள். உயர்மலை நோய் உங்களைப் போலவே அவர்களையும் தாக்கும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர்கள் தலைவலியைச் சொல்வதில்லை. ஆகவே காலையில் உங்கள் குழுவினரை விசாரிக்கும்போது அவரையும் விசாரியுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், போர்ட்டர்களுக்குக் காப்பீடும் குளிருடையும் தங்குமிடமும் உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அவர் நோயுற்றால் கூலியைக் கொடுத்துத் தனியே கீழே அனுப்ப விடாதீர்கள். அவர் பேசும் மொழி தெரிந்த ஒருவர் மருத்துவ நிலையம் வரை உடன் செல்ல வேண்டும், அதற்காக உங்கள் பயணம் ஒரு நாள் நின்றாலும் சரி.