பூஸ்ட் பொத்தானை எப்போது அழுத்துவது?

எதிர்கால உலகில் நடப்பதாகக் காட்டும் பந்தய வீடியோ விளையாட்டுகளில் பூஸ்ட்டை, அதாவது ஊர்தியின் வேகத்தைச் சிறிது நேரத்துக்குக் கூட்டும் வசதியை, கடைசிச் சுற்றுக்கென்று சேமித்து வைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆட்டக்காரர்கள் பலர் இதை ஏறக்குறைய ஒரு சாஸ்திரமாகவே கடைப்பிடிக்கிறார்கள். பள்ளி இயற்பியல் தரும் விடையோ வேறு.

நின்டெண்டோ 1990-இல் வெளியிட்ட எஃப்-ஸீரோவை எடுத்துக்கொள்வோம். அதில் பந்தயம் ஐந்து சுற்றுகள் கொண்டது. ஒரு சுற்றை முடித்ததும் ஒரு பூஸ்ட் கிடைக்கும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கையிருப்பில் வைக்க முடியாது. ஆகவே, கிடைத்ததையெல்லாம் தொடாமல் வைத்திருப்பவருக்கு நான்காம் சுற்றின் முடிவில் வரவேண்டிய பூஸ்ட் வீணாகிவிடும். சேமிப்புக் கொள்கை இங்கேயே அடிவாங்குகிறது.

எந்தச் சுற்றில் என்பதைவிட, பாதையின் எந்த இடத்தில் என்பதே சுவையான கேள்வி. வேக-நேர வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பே கடந்த தொலைவு என்று பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் படித்திருப்போம். ஊர்தியின் இயல்பான உச்ச வேகம் விநாடிக்கு 300 மீட்டர் என்றும், பூஸ்ட் அதை உடனே 400 ஆக்கி ஒரு விநாடி நிலைநிறுத்துகிறது என்றும், பிறகு அந்த உபரி வேகம் நான்கு விநாடிகளில் சீராகத் தேய்ந்து மறைகிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பூஸ்ட் எரியும் விநாடியில் கிடைக்கும் கூடுதல் தொலைவு 100 மீட்டர். தேயும் காலத்தில், அந்தச் சாய்ந்த முக்கோணத்தின் பரப்பாகக் கிடைப்பதோ 200 மீட்டர்! பொத்தானை அழுத்தியபோது திரை அதிர்ந்து, தீப்பிழம்பு சீறியதே, அந்தக் கணம் தந்ததைப் போல் இரு மடங்கை, ஆரவாரம் அடங்கிய பின் ஓசையின்றி நீளும் வால் தருகிறது.

நேர்ப்பாதையின் தொடக்கத்தில் அழுத்தியவருக்கு முழு 300 மீட்டரும், அதாவது ஏறத்தாழ ஒரு விநாடியும், லாபம். அதே பாதையின் கடைசி விநாடியில் அழுத்தியவர் உடனே வளைவுக்காக வேகத்தைக் குறைத்தாக வேண்டியிருப்பதால், வாலை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு 100 மீட்டரோடு திருப்திப்பட வேண்டியதுதான். செலவு இருவருக்கும் ஒன்றே. இந்த முக்கோணத்தைப் பாடநூலில் ஏதோ ஒரு ரயில் வண்டியைக் கொண்டு விளக்காமல், மாணவர் கையில் இருக்கும் விளையாட்டைக் கொண்டே விளக்கலாமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உண்மைப் பந்தயங்களிலும் இதே முடிவு வருகிறது. காரணம் மட்டும் வேறு. ஃபார்முலா ஒன் கார்களில் 2009-இல் அறிமுகமான கெர்ஸ் அமைப்பு, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, சுற்றுக்கு 400 கிலோஜூல் வரை திருப்பித் தந்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 600 கிலோ எடையுள்ள காருக்கு இந்த ஆற்றல் மட்டும் முழுவதும் போய்ச் சேர்ந்தால், மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் ஏறத்தாழ 170 ஆகும். 288-இல் ஓடும் காரோ 317-ஐத்தான் எட்டும். போதாக்குறைக்கு, காற்றின் தடையும் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதனால்தான் வளைவை விட்டு வெளியேறி, டயர்களுக்குப் பிடிமானம் கிடைத்தவுடனேயே ஓட்டுநர்கள் அந்த ஆற்றலைச் செலவிடுவார்கள்.

1998-இல் வந்த எஃப்-ஸீரோ எக்ஸில் கணக்கு இன்னும் கூர்மையானது. பூஸ்ட் இரண்டாம் சுற்றிலிருந்துதான் கிடைக்கும். அதற்கான ஆற்றலும் மோதல்களைத் தாங்கும் கவசமும் ஒரே அளவுமானியிலிருந்து செலவாகும். பாதையிலுள்ள ஆற்றல் நிரப்பும் பட்டையின் மேல் ஓடும்போது அது மீண்டும் ஏறும். நிறைந்த மானியோடு பட்டையை அடைபவர் இலவசமாகக் கிடைப்பதை வாங்க மறுக்கிறார் என்றே பொருள். எனவே பட்டைக்கு முந்தைய நல்ல நேர்ப்பாதைகளிலேயே தாராளமாகச் செலவிட்டுவிட வேண்டும். கடைசிப் பட்டையைத் தாண்டிய பிறகு மானியில் மிஞ்சுவதற்கு ஒரே பயன்தான்: இறுதிக்கோட்டுக்கு முன் எத்தனை முறை சுவரில் உரசுவோம் என்று நம் கைத்திறனை நாமே மதிப்பிட்டு, அந்த அளவுக்கு மட்டும் விட்டுவைப்பது.