டம்ளருக்கு நேர்மாறாக வளையும் கல்

சாப்பாட்டு மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் லேசாகச் சுழற்றியபடி முன்னால் தள்ளிவிடுங்கள். போகப் போக டம்ளர் இடப்பக்கம் ஒதுங்கும். கர்லிங் என்பது கனமான கற்களைப் பனித்தளத்தில் சறுக்கி விட்டு இலக்கருகே நிறுத்தும் ஆட்டம். அந்தக் கல்லை இதேபோல் சுழற்றி விட்டால் வலப்பக்கம் வளைகிறது. ஏன் இப்படி என்று இயற்பியலாளர்கள் பல காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டம்ளரின் கதை சுலபம். உராய்வு அடியைப் பிடித்து இழுப்பதால் டம்ளர் முன்பக்கம் சாயப் பார்க்கிறது. முன் விளிம்பில் பாரம் கூடுகிறது, அங்கே உராய்வும் கூடுகிறது. சுழற்சியால் முன் விளிம்பு வலப்பக்கம் நகர்கிறது. உராய்வு அதை இடப்பக்கம் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

கல்லுக்கு இந்தக் கணக்கு செல்லாது. கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள அந்தக் கிரானைட் கல்லின் அடிப்பாகம் குழிவானது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே தளத்தைத் தொடும். தளமும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிடுவார்கள். அந்தப் பொடி மேடுகளுக்குப் பெபிள் என்று பெயர். கல் அவற்றின் முனைகளில்தான் சறுக்கிப் போகிறது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வளையத்தின் முன்பகுதி பெபிளில் நுண்ணிய கீறல்கள் போடுகிறது. பின்பகுதி அந்தக் கீறல்களைச் சாய்வாகக் கடக்கும்போது அவை கல்லைப் பக்கவாட்டில் திருப்புகின்றன. 2022-இல் ஜப்பானின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிரோ முராட்டா, கல்லின் ஓட்டத்தைப் படமெடுத்துத் துல்லியமாக அளந்தார். சுழற்சியால் கல்லின் ஒரு பக்கம் தளத்தின் மேல் மெதுவாக நகர்கிறது, மறுபக்கம் வேகமாக நகர்கிறது. மெதுவான பக்கம் பெபிளில் அதிகம் மாட்டி, அந்தப் புள்ளியை அச்சாக வைத்துக் கல் திரும்புகிறது என்பது அவர் முடிவு. எனக்கு இரண்டுமே அழகாகத் தெரிகின்றன. ஆனால் விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்த வளைவை நன்றாகக் கவனிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது உலகக் கலப்பு இரட்டையர் கர்லிங் போட்டியைத்தான். 2008-இல் ஃபின்லாந்தின் வியருமாக்கியில் தொடங்கியது. முதல் பட்டம் சுவிட்சர்லாந்துக்கு. பத்தே ஆண்டுகளில், 2018-இல், பியோங்சாங் ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் இடம்பிடித்தது.

வழக்கமான அணியில் நால்வர். ஒருவர் கல்லை விடுவார், இருவர் துடைப்பத்தோடு கூடவே ஓடுவார்கள், இன்னொருவர் எதிர்முனையில் நின்று குறி காட்டுவார். இங்கே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே. அதனால் கல்லை விட்டவரே மண்டியிட்ட நிலையிலிருந்து எழுந்து, துடைப்பத்தோடு அதைத் துரத்துவதை அடிக்கடி பார்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் பனியின் மேற்பரப்பு கொஞ்சம் சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். அதாவது கையை விட்டுப் போன பிறகும் கல்லோடு பேச முடியும்!

ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு ஐந்து கற்கள்தான். சுற்று தொடங்கும் முன்பே அணிக்கொரு கல் தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். தொடக்கத்திலேயே எதிரியின் கல்லை அடித்து வெளியேற்ற விதி இடம் தராது. கற்கள் நடுவில் நெருங்கிக் குவியும். நேராகப் போக வழியே இராது. முன்னால் நிற்கும் கல்லைச் சுற்றி வளைந்து அதன் பின்னால் போய் ஒளிய வேண்டும். ஆட்டத்தில் ஒரே ஒருமுறை, அந்தச் சுற்றின் கடைசிக் கல்லை விடப்போகும் அணி 'பவர் ப்ளே' கேட்கலாம். அப்போது முன்கூட்டி வைக்கும் இரண்டு கற்களும் ஓரத்துக்கு நகரும், நடுப்பாதை திறக்கும்.

இத்தாலியின் ஸ்டெபானியா கான்ஸ்டான்டினியும் அமோஸ் மொசானரும் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வென்றார்கள். 2025-இல் கனடாவின் ஃப்ரெடெரிக்டனில் உலகப் பட்டமும் அவர்களுக்கே. அவர்கள் ஆடும் பதிவு கிடைத்தால், கல் வேகம் குறையும் கடைசிச் சில மீட்டர்களை மட்டும் கவனியுங்கள். வளைவு கண்ணுக்கு நன்றாகத் தெரிவது அங்கேதான்.