காயில் சுத்த ஒத்தைக் கம்பியா, பல இழை ஒயரா?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஹை ஃப்ரீக்வன்சில கரன்ட் ஒயரோட மேல்பரப்புல மட்டும்தான் ஓடும்னு சொல்றாங்களே, அப்போ நிறைய மெல்லிசு இழை இருக்கிற சாதா ஒயர்ல காயில் சுத்தினா மேல்பரப்பு ஜாஸ்தி கிடைக்கும், லாஸ் (சூடா வீணாகிற பவர்) குறையும், சரிதானே? கேட்கிறப்போ சரின்னுதான் தோணும். ஆனா சரியில்ல.

முதல்ல அந்த மேல்பரப்பு விஷயம், இதுக்குப் பேரு ஸ்கின் எஃபெக்ட். 1883ல ஹோரேஸ் லாம்ப் உருண்டையான கண்டக்டருக்குக் கணக்குப் போட்டார், 1885ல ஆலிவர் ஹெவிசைடு அதை எல்லா வடிவத்துக்கும் விரிச்சார். செம்புல கரன்ட் எவ்வளவு ஆழம் இறங்கும்னா 50 ஹெர்ட்ஸ்ல சுமார் 9 மில்லிமீட்டர், 100 கிலோஹெர்ட்ஸ்ல 0.2, 1 மெகாஹெர்ட்ஸ்ல 0.066 மில்லிமீட்டர்தான், அதாவது ஒரு தலைமுடி கனம். 1 மில்லிமீட்டர் கம்பில 1 மெகாஹெர்ட்ஸ் ஓடினா கிட்டத்தட்ட கால்வாசி செம்புதான் வேலை செய்யும், நடுவுல இருக்கிறது சும்மா கிடக்கும்.

சரி, சாதா பல இழை ஒயர்ல என்ன ஆகுது? இழைங்க எல்லாம் வெறும் செம்பு, ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு, அதனால கரன்ட்டுக்கு அது மொத்தமா ஒரே கம்பிதான், வெளிப்பக்கம் மட்டும் மேடு பள்ளமா இருக்கு. இழை முறுக்கிக்கிட்டுப் போறதால கரன்ட்டும் சுத்தி சுத்திப் போகணும், இல்லன்னா கறுத்துப்போன தொடுமுனைங்க வழியா இழை விட்டு இழை தாவணும். அதே கனமுள்ள ஒத்தைக் கம்பியை விட லாஸ் ஜாஸ்திதான் ஆகும். வெள்ளீயம் பூசின ஒயரா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா வெள்ளீயத்தோட ரெசிஸ்டிவிட்டி, அதாவது கரன்ட்டை எதிர்க்கிற தன்மை, செம்பு மாதிரி ஏழு மடங்கு, ஃப்ரீக்வன்சி ஏற ஏற கரன்ட் அந்தப் பூச்சுக்குள்ளயே ஓடும்.

அப்போ ஒவ்வொரு இழைக்கும் எனாமல் பூசிட்டா? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். எனாமல் கரன்ட்டைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. நடு இழையைச் சுத்தி, ஒயருக்கு உள்ள இருக்கிற காந்தப்புலம் முழுசும் வளைஞ்சு நிக்குது, வெளி இழைக்கு அவ்வளவு இல்ல. மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் கரன்ட்டை எதிர்த்து ஒரு வோல்டேஜ் உண்டாக்கும், அதனால நடு இழைல இந்த எதிர் வோல்டேஜ் ஜாஸ்தி. ரெண்டு முனையிலயும் எல்லா இழையும் ஒண்ணா ஒட்டியிருக்கு, அப்போ எதிர்ப்பு கம்மியா இருக்கிற வெளி இழைங்க வழியாத்தான் கரன்ட் போகும். எனாமல் பூசியும் பழைய கதைதான்!

இதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் அழகு. தலை பின்னும்போது பாருங்க, மூணு காலும் மாறி மாறி மேல வரும், உள்ள போகும், எந்தக் காலும் ஒரே இடத்துல நிக்காது. எனாமல் பூசின மெல்லிசு இழைங்களை இப்படி இடம் மாத்தி முறுக்கின ஒயருக்கு லிட்ஸ் ஒயர்னு பேரு, அதுலயும் அதேதான், ஒவ்வொரு இழையும் கொஞ்ச தூரம் நடுவுல, கொஞ்ச தூரம் ஓரத்துலன்னு எல்லா இடத்துலயும் இருந்துட்டு வருது. மொத்த நீளத்துக்கும் கூட்டிப் பார்த்தா எல்லா இழைக்கும் ஒரே அளவு எதிர் வோல்டேஜ், வேற வழியே இல்லாம கரன்ட் சமமாப் பிரியுது. ஏழு இழையை ஒரேயடியா முறுக்கினா ஒண்ணு நடுவுல மாட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கும், அதனால மூணு, நாலுன்னு சின்னக் கட்டா முறுக்கி, அந்தக் கட்டுகளை மறுபடி சேர்த்து முறுக்குவாங்க. ஒரு இன்சுலேஷன், ஒரு முறுக்கு, அவ்வளவுதான், அதுக்குள்ள மின்சாரத்தையும் காந்தத்தையும் இணைக்கிற மேக்ஸ்வெல் சமன்பாடு முழுசும் உட்கார்ந்திருக்கு. "இழை ஜாஸ்தின்னா ஒலி சுத்தம்"னு சொல்லி வெறும் இழை ஸ்பீக்கர் கேபிளை ஸ்கின் எஃபெக்ட் பேரைச் சொல்லியே எக்கச்சக்க விலைக்கு விக்கிறதைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது. இதை ஸ்கூல்லயே ஒரு பின்னலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திடலாம்.

பக்கத்துச் சுத்துகளோட காந்தப்புலமும் இழைக்குள்ள சுழல் கரன்ட் உண்டாக்கும். மொத்தச் செம்பு மாறாம இழையோட விட்டத்தைப் பாதியாக்கினா இந்த லாஸ் கால்வாசி ஆயிடும். அதனாலதான் இண்டக்‌ஷன் அடுப்புக் காயில், போன் வயர்லெஸ் சார்ஜர், மீடியம் வேவ் ரேடியோவுக்குள்ள ஆன்டெனாவா இருக்கிற ஃபெரைட் ராடு எல்லாத்துலயும் லிட்ஸ்.

ஆனா 1, 2 மெகாஹெர்ட்ஸ் தாண்டினா லிட்ஸும் கைவிட்டுடும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு இழை 0.01 மில்லிமீட்டர் அளவுக்கு மெலியணும், அப்போ செம்பை விட எனாமலே இடத்தை அடைச்சுக்கும், இழைங்களுக்கு நடுவுல இருக்கிற கெப்பாசிட்டன்ஸ் வழியா கரன்ட் தாவ ஆரம்பிச்சிடும். ஷார்ட் வேவுக்கு நல்ல கனமான ஒத்தைக் கம்பி, சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல ஒரு கம்பி கனம் இடைவெளி, பவர் ஜாஸ்தின்னா செம்புக் குழாய். வெள்ளி பூசினா கொஞ்சம் லாபம், வெள்ளியோட கடத்துத்திறன் செம்பை விட 6 சதவீதம் போலத்தான் ஜாஸ்தி.

லிட்ஸ் எடுத்தீங்கன்னா சால்டரிங்ல மட்டும் பொறுமையா இருங்க. 40 இழைல ஒண்ணு ஒட்டாம விட்டுப்போனா மல்டிமீட்டர்ல தெரியவே தெரியாது, வெறும் 2.5 சதவீத வித்தியாசம். ஆனா அந்த இழை கரன்ட்டுல தன் பங்கைச் சுமக்காது, சுழல் கரன்ட் லாஸ் மட்டும் கொடுத்துக்கிட்டே இருக்கும். முனையில எனாமல் முழுசா எரிஞ்சு, சால்டர் உள்ள வரைக்கும் இறங்கியிருக்கான்னு லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் காயிலை மாட்டுங்க.